பங்கேற்பாளர் இலக்கம் ஒன்பது

ஜெகதீஸ்வரிக்கு வயது ஐம்பத்திரண்டு. மொன்றியலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல்காரி. நாற்பது பிள்ளைகளுக்குப் பதினொன்றரைக்குள் சூப்பும் சோறும் மரக்கறியும் ஆகிவிட வேண்டும். ஒரு மணிக்குச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பஸ் பிடித்து, மெட்றோ மாறிப் பல்கலைக்கழகம் போவாள். எனக்கும் அதே காப்பகத்தில்தான் வேலை, குழந்தைகளின் பக்கம். அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கோபத்தை நான் எங்கும் குறைக்கவில்லை. சில இடங்களில் என்னுடையதும் சேர்ந்திருக்கும்.

அவள் படிப்பது ஆயத்த ஆண்டு. 'பவுண்டேஷன் இயர்' என்பார்கள். உள்ளூர்ப் பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காதவர்கள், வயது வந்தவர்கள் என்ற கணக்கில் விண்ணப்பித்து, ஒரு வருஷம் ஐந்து பாடம் படித்துத் தேறினால் பட்டப்படிப்புக்குள் போகலாம். ஜெகதீஸ்வரி போக விரும்பியது சமூகவியலுக்கு. ஏன் அது என்று கேட்டால், "எங்கட சனம் ஏன் இப்பிடி இருக்குதுகள் எண்டு எனக்கு அறியவேணும்" என்பாள். நாலு பாடம் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது ஆய்வு முறைகள் என்ற ஒன்று. அதில் 'பி' எடுக்காவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

இப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குப் போன வருஷம்தான் தெரியும். காப்பகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் ஒரு தாய் பேச்சுவாக்கில் சொன்னாள். எப்போதிலிருந்து இது இருக்கிறது என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். அது எவ்வளவோ வருஷமாக இருக்கிறதே என்றாள் அந்தத் தாய். அன்று ஜெகதீஸ்வரியின் சூப்பில் உப்புக் கூடிப்போயிற்று.

விஷயம் தொடங்கியது பெப்ரவரி மாதம், வகுப்பில். ஆசிரியை செலீன் ஒரு பழைய கட்டுரையை வாசிக்கக் கொடுத்திருந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்த இலங்கைத் தமிழ்ப் பெண்களைப் பற்றியது. எழுதியவர் ஒரு பேராசிரியை, இப்போது உயிரோடு இல்லை. பெண்களின் பெயர்களை மறைத்து எண் கொடுத்திருந்தார். பதினேழாம் பக்கத்தில் ஒன்பதாம் இலக்கப் பெண் வருகிறாள்.

அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளின் தாய். மூன்றாம் மாடி வீடு. படுக்கையறை வாசலுக்கு மேலே போகும் வெந்நீர்க் குழாயில் சேலையொன்றைக் கட்டி, அதற்குள் கைக்குழந்தையை உறங்க வைத்திருந்தாள். அது அறுந்து விழுமோ என்று பேராசிரியைக்குப் பயமாக இருந்ததாம். நேர்காணல் முழுவதும் அந்தப் பெண் சமையலறை வாசலிலேயே நின்றாள். மேலே படிக்க விருப்பம் உண்டா என்று கேட்டபோது, மொழிபெயர்ப்பாளர் மூலமாக, "எனக்கு எதற்குப் படிப்பு? பிள்ளைகள் படித்தால் போதும்" என்றாள். அடுத்த வரி: "பிறகு, இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சிரித்துத் தலையசைத்தேன்."

வகுப்பில் றொக்சன் என்று ஒரு பிள்ளை, பத்தொன்பது வயது, நல்ல பிள்ளைதான். அவள் கை உயர்த்திச் சொன்னாள்: "பாவம், இந்தப் பெண்ணுக்கு எதையாவது ஆசைப்படலாம் என்றுகூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை." மற்றவர்கள் தலையாட்டினார்கள். செலீன் பலகையில் ஏதோ எழுதினாள்.

ஜெகதீஸ்வரிக்குக் காது இரண்டும் சுட்டது. வெந்நீர்க் குழாயில் ஏணை கட்டியதற்காக அந்தக் கட்டடத்துக் காவல்காரன் இரண்டு தடவை வந்து சண்டை பிடித்திருக்கிறான். அந்தக் கட்டடத்தில் வேறு ஒரு வீட்டிலும் ஏணை இல்லை. ஏணைக்குள் கிடந்தது அவளுடைய மகள் சாருஜா. ஒன்பதாம் இலக்கம் அவள்தான்.

ஆனால் ஒன்பதாம் இலக்கம் சொன்னதாக எழுதியிருந்ததை அவள் சொல்லவே இல்லை.

அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, மார்ச். கணவர் நகுலேஸ்வரன் வேலைக்குப் போயிருந்தார். பேராசிரியையைக் கூட்டிவந்தவர் அருமைநாதன். ஊரில் வங்கியில் இருந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி, அகதி வழக்கு, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் எங்கள் சனத்துக்கு வாய் அவர்தான். மேசையில் ஒரு கறுப்பு ரெக்கோடரை வைத்தார்கள். ஜெகதீஸ்வரிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆங்கிலத்தில் 'தாங்க் யூ' தெரியும், பிரெஞ்சில் 'மெர்சி' தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, சண்டையால் போக முடியாமல் போனவள். படிப்பைப் பற்றிப் பேச்சு வந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் சொல்லி, இங்கே படிக்க எங்கே போய்க் கேட்பது என்று அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லும்படி அருமைநாதனிடம் கேட்டாள். அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பேராசிரியை சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்போடு அவள் இருபத்தாறு வருஷம் இருந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்துப் பெரிய பேராசிரியையே இல்லை என்றுவிட்டார், இனி யாரிடம் கேட்பது? ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் பிளவுசுக்குக் கொலர் தைத்தாள். பிறகு காப்பகத்துக் குசினி. ஒருவரிடமும் மறுபடி கேட்கவில்லை. இப்போது பதினேழாம் பக்கத்தில் பார்த்தால், அந்தப் பெண்மணி வேண்டாம் என்றது தேநீரை.

அன்று வீட்டுக்கு வந்து நகுலேஸ்வரனிடம் கட்டுரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கார்ட்டியர்வில்லில் அவர்களுடைய வீடு. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சீனி வருத்தத்தோடு, அதாவது நீரிழிவோடு, தொலைக்காட்சி முன்னால் இருப்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு மனிசன் சொன்னது இதுதான்:

"நீர் என்னட்டக் கேட்டிருந்தா நான் அப்பவே விட்டிருப்பன். நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

"நீங்கள் விடுறதுக்கு நான் என்ன கட்டிவைச்ச மாடோ? படிக்கப் போறதுக்கு வழி எங்க இருக்கெண்டுதான் கேட்டனான். விடச் சொல்லிக் கேக்கேல்லை."

"இப்ப ஏன் என்னில பாயிறீர்? நானோ மாத்திச் சொன்னன்?"

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது. அவருக்கு இடியப்பத்தை வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அடுத்த நாள் செலீனிடம் போனாள். இது நான், இது நான் சொன்னதல்ல, என் இறுதிக் கட்டுரையை இதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்றாள். செலீன் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பொறுமையாகவே சொன்னாள்: "மதாம் ஜெகா, நான் உங்களை நம்புகிறேன். ஆனால் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு ஒருவருடைய ஞாபகம் மட்டும் ஆய்வுக்கு ஆதாரமாகாது. இதையே வைத்து எழுதினால் என்னால் 'பி' போட முடியாது. வேறு ஏதாவது கொண்டுவாருங்கள்."

என் வாயால் நான் சொன்னதற்கு ஆதாரம் வேண்டும்; நான் சொல்லாததை அச்சடித்து இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு ஆதாரமும் வேண்டாம். இதை ஜெகதீஸ்வரி செலீனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள், முட்டைக்கோசை வெட்டிக்கொண்டே. அன்றைக்கு அந்தக் கோசு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆதாரம் தரக்கூடியவர் ஒரே ஒருவர். அருமைநாதன் இப்போது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகனோடு இருக்கிறார். எழுபத்தைந்து வயது. கோயிலில் அவரைக் கண்டால் சனம் எழுந்து இடம் கொடுக்கும். ஜெகதீஸ்வரியும் எழும்புகிறவள்தான். அவருடைய மகளின் கலியாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டு, பயித்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டுக் கொடுத்தவள். காப்பகத்துக் குசினியிலிருந்தே அவருக்குப் போன் செய்து, மரியாதையாகவே கேட்டாள்.

"அப்பிடி ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை," என்றார் அவர். "நீர் சொன்னதைத்தான் நான் சொன்னனான். தேத்தண்ணி வேணுமோ எண்டு நீர்தான் கேட்டனீர்."

"நான் கேக்கேல்லை, அண்ணை."

"அந்தக் காலத்தில நான் எத்தினை பேருக்குக் கதைச்சுக் குடுத்தனான். எல்லாம் உமக்கு ஞாபகமே? வயசு போகப் போக இப்பிடித்தான் ஒண்டோட ஒண்டு மாறுபடும். அதுசரி, உமக்கு இப்ப என்னத்துக்குப் பிள்ளை இந்தப் படிப்பு? பேரப்பிள்ளையளைப் பாக்கிற வயசெல்லே?"

வைக்கும்போது போன் மேசையில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. நான் அடுத்த அறையில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "பொய்," என்றாள். "வாய் கூசாமப் பொய்."

அப்போதுதான் நான் ஒன்று கேட்டேன். பெரிய யோசனையொன்றும் இல்லை, சும்மா கேட்டதுதான். அந்தக் கறுப்பு ரெக்கோடருக்கு என்ன ஆயிற்று?

ஜெகதீஸ்வரி என்னைப் பார்த்தாள். ஏப்ரனோடேயே வெளியே போய் செலீனுக்குப் போன் செய்தாள்.

நாடாக்கள் இருந்தன. பேராசிரியை ஓய்வு பெற்றபோது பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் கேட்கவில்லை. யார் கேட்பது? பாதிக்கு மேல் தமிழ். பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. அவருக்குத் தேவைப்பட்டது அருமைநாதனின் ஆங்கிலம் மட்டும், அதை அன்றைக்கே எழுதி எடுத்துவிட்டார். ஜெகதீஸ்வரியின் குரல் ஒரு பெட்டிக்குள் இருபத்தாறு வருஷம் கிடந்திருக்கிறது, கேட்பதற்கு ஒரு ஆள் இல்லாமல்.

செலீனுக்கு இப்போது உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்காரி இல்லையா. மொழிபெயர்ப்பாளரையும் அழைப்போம், இருவரும் சேர்ந்து கேளுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்பதும் ஆதாரம்தான் என்றாள். ஜெகதீஸ்வரி சம்மதித்தாள். அருமைநாதன் வரமாட்டார் என்று நான் நினைத்தேன். ஜெகதீஸ்வரிக்கு அவரைத் தெரியும். "கம்பசில இருந்து கடிதம் போனா மனிசன் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார் பார்" என்றாள்.

கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வந்தார். டையும் கட்டியிருந்தார். செலீனுக்குக் கை கொடுத்து, தான் இந்த நகரத்துக்கு வந்த வருஷத்திலிருந்து தொடங்கி நல்ல ஆங்கிலத்தில் பேசினார். ஜெகதீஸ்வரியைப் பார்த்து, "எப்பிடிப் பிள்ளை, சுகமே?" என்றார். அவள் ஓம் என்றாள்.

செலீன் ஒலியை ஓடவிட்டாள். முதலில் பாத்திரச் சத்தம், குழந்தை சிணுங்கும் சத்தம். பேராசிரியை கேள்வி கேட்கிறார். அருமைநாதனின் இளமைக் குரல் தமிழில்: "மேல படிக்க விருப்பமோ எண்டு கேக்கிறா." பிறகு ஒரு பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, வேகமாக:

"ஓம் அண்ணை, சரியான விருப்பம். நான் ஏ.எல். பாஸ் பண்ணிக் கம்பசுக்கு எடுபட்டனான். சண்டையால போகேலாமப் போச்சு. இரவில எண்டாலும் போவன். எங்க போய்க் கேக்கிறது எண்டு இவவிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

அருமைநாதனின் ஆங்கிலம்: எனக்கு எதற்குப் படிப்பு, பிள்ளைகள் படித்தால் போதும் என்கிறார். சிறிது நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்பதாகச் சொல்கிறார். இல்லை, நன்றி, என்கிறது பேராசிரியையின் குரல்.

செலீன் நிறுத்தினாள். அந்தப் பெண் தமிழில் சொன்னதை மொழிபெயர்க்க முடியுமா என்று அருமைநாதனிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒலி தெளிவில்லை என்றார். செலீன் திரும்பப் போட்டாள். குழந்தை அழும் சத்தம் மறைக்கிறது என்றார். மூன்றாம் தடவை போட்டபோது, பொதுவாகப் படிப்பைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றார்.

"நான் சொல்லுறன்," என்ற ஜெகதீஸ்வரி ஆங்கிலத்தில் தொடங்கினாள். ஒரு சொல் விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். செலீன் எழுதிக்கொண்டாள். முடித்துவிட்டு அவள் அருமைநாதன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்: "நான் ஏதும் மாத்திச் சொல்லிப்போட்டனோ, அண்ணை? பிழையெண்டா இவவுக்குச் சொல்லுங்கோ."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். செலீன் மிச்சத்தை ஓடவிட்டாள்.

பேராசிரியை நன்றி சொன்னதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இருந்தது. இது ஜெகதீஸ்வரியின் ஞாபகத்திலேயே இருக்கவில்லை. அருமைநாதனின் குரல், தமிழில், கனிவாக: "உமக்கு இஞ்ச அதுக்கு வழியில்லையாம், தங்கச்சி. அதை மறந்துபோட்டுப் பிள்ளையளைப் பாரும்." பிறகு அந்தப் பெண்ணின் குரல், முன்பைவிடச் சின்னதாக: "சரி அண்ணை. எண்டாலும் எனக்காகக் கேட்டீங்கள். பெரிய உதவி. மறக்கமாட்டன்."

கட்டுரையை வாசித்ததிலிருந்து அவள் நினைத்திருந்தது, பேராசிரியையின் தலையசைப்பைத் தானே பிழையாக விளங்கிக்கொண்டதாக. அருமைநாதன் தன் வாயால் இல்லை என்று சொன்னதும், அதற்குத் தான் நன்றி சொன்னதும் அவளுக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. மேசைக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாளாம்.

"இதையாவது நீங்கள் சொல்லுங்கோ, அண்ணை," என்றாள். "இது உங்கட குரல். தெளிவா இருக்குத்தானே?"

அருமைநாதன் சொன்னார். தாழ்ந்த குரலில், சரியான ஆங்கிலத்தில், ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தார். செலீன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

மதிப்பெண் என்ன என்று கேட்பீர்கள். ஒலியை டொரோண்டோவில் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிச் சரிபார்த்து, கட்டுரையை எழுதிக் கொடுத்தாள். 'ஏ' வந்தது. செப்டம்பரிலிருந்து சமூகவியல் முதலாம் வருஷம். றொக்சன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாளாம். காப்பகத்தில் நாங்கள் கேக் வெட்டினோம். ஜெகதீஸ்வரி கேக்கைச் சாப்பிட்டாள், எல்லாருக்கும் மெர்சி சொன்னாள், பிறகு போய்ச் சட்டி கழுவினாள். அவளுக்குக் கோபம் போகவில்லை. எப்படிப் போகும்? 'ஏ' கொடுத்தவர்களால் இருபத்தாறு வயதைக் கொடுக்க முடியுமா?

அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது அந்தக் கட்டுரையைப் பற்றியல்ல. அன்றைக்கு ஒலியைக் கேட்டு முடித்து வெளியே வந்தபிறகு நடந்ததை. செலீன் அறைக்குள்ளேயே இருந்தாள். லிப்டுக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் மட்டும்.

"கோவிக்காதையும் பிள்ளை," என்றார் அருமைநாதன். "அந்த நேரம் உம்மட மூத்தவனுக்கு மூண்டு வயசு, மற்றது கைப்பிள்ளை. நகுலேசும் வீட்டில இல்லை. அவவுக்கு நான் அப்பிடியே சொல்லியிருந்தா, மனுசன் படிக்க விடாம அடைச்சு வைச்சிருக்கிறான் எண்டு எழுதியிருப்பா. எங்கட சனத்துக்கு என்ன மரியாதை? நீர் ஒராள் மட்டுமே? இப்பிடி எத்தினை வீட்டை நான் உடையாமப் பாத்தனான் தெரியுமே?"

"எத்தினை வீடு, அண்ணை?"

அவர் லிப்ட் பொத்தானை அழுத்தினார். அவள் மறுபடி கேட்டாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. தாழ்வாரத்தில் போன இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எத்தினை பொம்பிளையள்? எனக்குச் சொன்ன மாதிரி வேற ஆருக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள்? பேர் ஞாபகமிருக்கோ? நான் போய் அவையிட்டச் சொல்லவேணும், உங்களுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை எண்டு."

"விடும் பிள்ளை. முடிஞ்ச கதை. நான் மன்னிப்புக் கேக்கிறன், சரியோ?"

"மன்னிப்பு எனக்கு வேண்டாம். அண்டைக்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னனான். இப்ப உள்ளுக்க கேட்டனீங்கள்தானே? மறக்கமாட்டன் எண்டு சொன்னன், மறக்கவும் இல்லை, கோயில்ல உங்களைக் கண்டு எழும்பி எழும்பி நிண்டன். அந்த நன்றியைத் திருப்பித் தாங்கோ."

அவள் கையை நீட்டினாள். லிப்ட் வந்து கதவு திறந்தது, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. ஜெகதீஸ்வரி கையை நீட்டியபடியே நின்றாள்.